முழங்காலை விற்றவள்

நஸாரியோவின் வலது முழங்கால் பதினோராயிரத்து நானூறு டாலருக்கு விலைபோனது. துருப்பிடித்த டிரில் மெஷினுக்கு அரைமணி நேரம் பேரம் பேசுகிற பரம்பரையில் பிறந்தவன், தன் சொந்தக் காலுக்கு மட்டும் முதலில் சொன்ன விலைக்கே தலையாட்டிவிட்டு வந்தான். வேலையில் அடிபட்ட காலுக்காகக் கம்பெனியின் இன்சூரன்ஸ் ஆள் நீட்டிய காகிதத்தில் கையெழுத்து; அதோடு அந்தக் காலுக்கு இனி ஆபரேஷனும் கிடையாது, மருந்தும் கிடையாது, கேட்க நாதியும் கிடையாது. நடந்து ஒன்பது வருஷமாகிறது. முழங்காலை விற்றது யார் என்று அந்த வீட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

விற்றவள் அவன் பெண்டாட்டி எல்வியா!

ஞாயிற்றுக்கிழமை விடிகிற நேரம். சந்தைக்குக் கிளம்பும் அவசரம். அடுப்பில் பீன்ஸ் கொதித்துக்கொண்டிருந்தது. எல்வியா கல்லில் கிடந்த சோள ரொட்டியைக் கையாலேயே திருப்பிப் போட்டாள். வாரத்தில் ஆறு நாள் ஆரஞ்சு ஷெட்டில் பழம் பொறுக்கும் கை, சூடு உறைக்காது.

"இன்னிக்கு வலி ஜாஸ்தியா தம்பி?" என்றாள் ஒஃபேலியா. நஸாரியோவின் அக்கா. புருஷன் போனதிலிருந்து தம்பி வீட்டோடு இருக்கிறாள். கேள்வி தம்பிக்கு, பார்வை எல்வியாவின் முதுகுக்கு.

"எப்பவும் போலத்தான்க்கா."

"எப்பவும் போலவா! அன்னிக்கே ஆபரேஷன் பண்ணியிருந்தா இந்நேரம் கல்யாண வீட்டுல நீ ஆடிட்டு இருப்ப. பண்ண விட்டாத்தானே? 'கையெழுத்துப் போட்டா இதோட சரி, அப்புறம் வைத்தியத்துக்கு வரக்கூடாது'ன்னு அந்த ஆள் இங்கிலீஷ்ல தெளிவா சொல்லியிருக்கான். பச்சப்புள்ள அதை வராந்தாவுக்கு ஓடி வந்து ஆத்தாகிட்ட சொல்லியிருக்கு. ஆத்தாக்காரி என்ன பண்ணா? அப்பாகிட்ட மூச்சு விடாதன்னுட்டா! ஊர்ல அவ அம்மாவைப் புதைக்கப் பணம் வேணுமே...!"

"அண்ணி, பீன்ஸ் போடட்டுமா?"

"போடு. அதையாவது குறை இல்லாம போடு."

எல்வியா போட்டாள். பதில் சொல்லி ஜெயிக்கிற வழக்கை அவள் ஒன்பது வருஷமாகப் பதில் சொல்லாமலே தோற்றுக்கொண்டிருந்தாள். அதில் அவளுக்கு வருத்தம் உண்டு. ஆனால் அவள் நெஞ்சைக் குடைந்தது அந்த வருத்தம் அல்ல. அதற்கும் அடியில் கிடந்த வேறொன்று.

யரேலி உள்ளே வந்தாள். இருபது வயது. ஊர்க் கோடியில் இருக்கும் கம்யூனிட்டி காலேஜில் சட்டப் படிப்புக்கு முந்தைய படிப்பு. பகலில் செருப்புக் கடையில் பில் போட்டு, சாயங்காலம் வகுப்புக்குப் போய், இரண்டு வருஷத்தை நல்ல மார்க்கோடு முடிக்கப் போகிறாள். டேவிஸ் நகரத்துப் பெரிய யுனிவர்சிட்டி இடம் கொடுத்துவிட்டது, உதவித்தொகையும் உண்டு. இன்று ராத்திரிக்குள் 'வருகிறேன்' என்று ஒரு பட்டனை அழுத்த வேண்டும். அவ்வளவுதான் பாக்கி.

"நான் டேவிஸ் போகல" என்றாள்.

நஸாரியோவின் கையில் ரொட்டி அப்படியே நின்றது. "என்னது?"

"காலேஜையும் விட்டுடறேன். சட்டம் எனக்குச் சரிப்படாது."

"ஏண்டி... யாராவது ஏதாவது சொன்னாங்களா? பையன் யாராவது...?" என்றாள் அத்தைக்காரி, கொஞ்சம் ஆசையாகவே.

"பையன் இல்ல அத்தை."

"அப்புறம்?"

யரேலி அம்மாவைப் பார்த்தாள். வியாழக்கிழமையிலிருந்தே அப்படித்தான் பார்க்கிறாள். சாப்பிடுவதில்லை, பேசுவதில்லை, பார்க்கிறாள். கல்லில் ரொட்டி கருகுவதை எல்வியா கவனிக்கவில்லை. 'கடவுளே, இவளுக்கு ஞாபகம் வந்துவிட்டதா...?'

நஸாரியோ எழுந்தான். காலைத் தூக்கி வைக்க ஒரு முனகல். "நேரமாச்சு. இடம் போயிடும். அழறதா இருந்தாலும் சந்தைக்கு வந்து அழுங்க, வண்டில ஏறுங்க!"

வேறு நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்களின் தெரு அது; இங்கிலீஷ் பேசுகிற பெரியவர்கள் குறைவு. பிள்ளைகள்தான் வாய். பேங்கில், ஆஸ்பத்திரியில், வீட்டுக்காரன் வாசலில், எங்கே போனாலும் பள்ளிக்கூடப் பையோடு ஒரு பிள்ளையையும் கூட்டிப்போவார்கள். பெரியவர்களுக்கு நடுவே நின்று அது இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிச் சொல்லும். யரேலி ஏழு வயதில் அந்த வேலைக்கு வந்தாள். மகள் வாயைத் திறக்குமுன் எல்வியா அவள் காதில் தவறாமல் சொல்வாள்: "அப்பா பாவம், களைச்சு வந்திருக்காரு. கெட்டது எதுவும் வந்தா வடிகட்டிச் சொல்லு கண்ணு." பிள்ளையும் வடிகட்டும். சர்க்கரை எக்கச்சக்கம் என்று டாக்டர் சொன்னால், இனிப்பைக் கொஞ்சம் குறைக்கச் சொல்றாங்கப்பா என்று சொல்லும். வீட்டைக் காலி செய் என்று வீட்டுக்காரன் கத்தினால், வாடகை எப்பன்னு கேக்கறாரு என்று சொல்லும். கெட்டிக்காரக் குழந்தை என்று தெருவே மெச்சியது.

சந்தையில் நஸாரியோ தார்ப்பாயை விரித்துப் பழைய சாமான்களைப் பரப்பினான். ரம்பம், சுத்தியல், ஸ்பானர், பாதி உயிரோடு இருக்கிற மோட்டார்கள். பக்கத்து மேஜையில் ஒஃபேலியா படுக்கை விரிப்புகளை அடுக்கினாள். எதிர் வரிசையில் எவனோ ஒருவன் கோழிக்குஞ்சுகளுக்கும் செல்போன் உறைகளுக்கும் ஒரே மைக்கில் விலை கூவிக்கொண்டிருந்தான்.

யரேலி ஒரு கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்திருந்தாள். எல்வியா பக்கத்தில் போய் நின்றாள்.

"கண்ணு... என்னடி ஆச்சு? அம்மாகிட்ட சொல்லேன்."

"வியாழக்கிழமை க்ளாஸ்ல ஒரு பயிற்சிம்மா. மூணு மூணு பேரா உக்கார வெச்சாங்க. ஒருத்தர் வக்கீல், ஒருத்தர் கட்சிக்காரர், ஒருத்தர் நடுவுல மொழிபெயர்த்துச் சொல்றவங்க. எனக்கு ரெண்டு மொழியும் தெரியுமேன்னு என்னை நடுவுல போட்டாங்க. வக்கீலா நடிச்சவன் நாலு வரி சொன்னான். 'இதுல கையெழுத்துப் போட்டா பின்னாடி எதுவும் கேக்க முடியாது'ன்னு கடைசி வரி. நான் மூணு வரிதான் சொன்னேன்."

எல்வியா இடுப்பிலிருந்த சில்லறைப் பையின் முடிச்சை இறுக்கினாள்.

"'ஏன் கடைசி வரியை விட்டுட்டே?'ன்னு க்ளாஸ் எடுக்கற மிஸஸ் ஹால்வர்சன் கேட்டாங்க. விட்டதே எனக்குத் தெரியலம்மா! எதிர்ல உக்காந்திருந்தவ முகம் களைப்பா இருந்துச்சு... வாய் தானா நின்னுடுச்சு. அப்படியே எழுந்து வெளிய ஓடிட்டேன்."

"அதனால என்னடி, க்ளாஸ்ல ஒரு தப்பு..."

"அம்மா, ஒரு கேள்வி கேக்கறேன். அன்னிக்கு அந்த ஆபீஸ்ல நீ எங்க இருந்த?"

"எதுக்குடி அதெல்லாம் இப்ப?"

"பதில் சொல்லு."

"...வராந்தாவுல. கதவுகிட்ட."

ஒஃபேலியாவின் கை விரிப்புமேல் நின்றது. நஸாரியோ குனிந்து ஸ்பானர்களை அளவு வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தான்.

"நான் வெளிய வந்து உன்கிட்ட சொன்னேன், நீ என் வாயை மூடச் சொன்ன. அப்புறம் நான் உள்ள போக, அப்பா கையெழுத்துப் போட்டாரு. அப்படித்தானே?"

"அப்படித்தான். ஊருக்கே தெரியுமே."

"ஊரை விடு. கையெழுத்துக்கு முன்னாடியே நீ அங்க இருந்த."

"ஆமாங்கறேன்ல!"

"அப்ப என் கையை ஏன் தொடச்ச?"

"என்ன கையி?"

"மிளகாய்ப்பொடி தூவின மாங்கா ஐஸ்மா. கையெழுத்துப் போட்டு முடிச்ச சந்தோஷத்துல அப்பா வாங்கித் தந்தாரு. வாசல்ல நின்னு தின்னேன், பாதி முழங்கை வரைக்கும் வழிஞ்சுடுச்சு. அப்பத்தான் நீ ஓடி வந்த. ஷெட்டுல தலைமுடிக்கு மாட்டற வலையைக்கூட கழட்டல. மேஸ்திரி லீவு விடலைன்னு அழுதுட்டே, உன் ஏப்ரன்ல என் கையைத் தொடச்ச. ஆரஞ்சுக்குப் பூசற மெழுகு வாசனை வந்துச்சு, இப்பவும் மூக்குல இருக்கு. கையெழுத்துக்கு அப்புறம் வாங்கின ஐஸு... நீ அப்பத்தான் வந்த... அப்ப வராந்தாவுல நான் சொன்னது யார்கிட்டம்மா?"

எல்வியா தன்னையறியாமல் மகளின் கையைப் பார்த்தாள்.

"இந்த ரம்பம் எவ்வளவுங்க?" என்று ஒரு தொப்பிக்காரர் குறுக்கே வந்தார்.

"இருபது" என்றான் நஸாரியோ, தலை நிமிராமல்.

"பத்து?"

"எடுத்துட்டுப் போ."

அந்த வரிசையில் யாரும் கேட்டிராத வார்த்தை அது. தொப்பிக்காரர் சந்தேகப்பட்டு ரம்பத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் காசைக் கொடுத்தார்.

யரேலி எழுந்து நின்றாள். "அத்தை, நல்லா கேட்டுக்கங்க. அம்மா அங்க இல்லவே இல்ல. யாரும் என் வாயை மூடல. அந்த ஆள் சொன்னான், நான்தான் முழுங்கினேன். ரெண்டு மாசம் கழிச்சு வலி தாங்காம அப்பா போய்க் கேட்டப்போ 'நீதான் கையெழுத்துப் போட்டுட்டியே'ன்னு வெளிய அனுப்பினாங்கல்ல? அன்னிக்கு அம்மா என்னை உக்கார வெச்சு, 'நீ என்கிட்ட சொன்ன, நான்தான் மறைக்கச் சொன்னேன், அப்படித்தான் நடந்துச்சு, அப்படியே ஞாபகம் வெச்சுக்கோ'ன்னு சொல்லிச்சு. நானும் வெச்சுக்கிட்டேன்...! ஒரு வரியை முழுங்கி அப்பா காலை முடமாக்கினவ நான். எந்த மூஞ்சியை வெச்சுட்டு வக்கீலுக்குப் படிக்கறது? சொல்லுங்க!"

ஒஃபேலியா விரிப்பு மூட்டைமேல் பொத்தென்று உட்கார்ந்தாள். "ஏய் எல்வியா... புள்ள சொல்றது நிஜமா?"

"குழந்தை அண்ணி அவ! பதினோரு வயசு. அப்பனை நொண்டியாக்கினவன்னு அவளைச் சொல்ல விடச் சொல்றீங்களா? என்னைச் சொன்னா என்ன, நான் வளர்ந்தவ..." எல்வியா அழுகையோடு புருஷனைப் பார்த்தாள். "நஸாரியோ, அவளை ஒண்ணும் சொல்லாத. உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

நஸாரியோ ஸ்பானரைக் கீழே வைத்தான். மகளைப் பார்க்கவில்லை; எல்வியாவையும் பார்க்கவில்லை. தார்ப்பாயைப் பார்த்தே சொன்னான்.

"அந்த ஐஸை வாங்கிக் கொடுத்தது நான்."

"தெரியும்ப்பா."

"நான் வாசல்லதான் நின்னேன். உங்கம்மா பஸ் ஸ்டாப்புலேர்ந்து ஓடி வர்றதை நானும்தான் பார்த்தேன்."

ஒரு கணம் அது யாருக்கும் புரியவில்லை. கோழிக்குஞ்சு விற்கிறவனின் மைக் மட்டும் கத்திக்கொண்டிருந்தது. முதலில் புரிந்தது எல்வியாவுக்குத்தான்.

"அப்ப... நான் பழியை ஏத்துக்கிட்டு அழுதப்போ... அது பொய்யின்னு உனக்கு அப்பவே தெரியும்?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா கேட்டுட்டு இருந்த? தினம் காலையில உங்கக்கா என்னைக் குத்திக் குத்திக் கிழிக்கறப்போ... ரொட்டியைத் தின்னுட்டு கேட்டுட்டா இருந்த?"

"எல்வியா..."

"பேசாத!"

"பேசியாகணும்" என்றான் நஸாரியோ. குரல் உடைந்திருந்தது. "அந்த ஆள் இவ்வளவு நீளம் பேசினான். புள்ள சொன்னது இத்தனூண்டு. பேரம் பேசறவங்க வீட்டுல பிறந்தவன்டி நான். எதிராளி நீளமா பேசினா உள்ள ஒரு கொக்கி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? 'இன்னொரு தரம் கேளு'ன்னு புள்ளைகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லல. பணத்துக்கான செக் மேஜைமேல கிடந்துச்சு. ஷெட்டுல மூட்டை தூக்கினது போதும், ஒரு வண்டி வாங்கிச் சொந்தமா கடை போடலாம்கற ஆசை கண்ணை மறைச்சுடுச்சு. ஊர்ல உங்கம்மாவைப் புதைக்க அனுப்பினது ஒரு ஓரம். மிச்சமெல்லாம் இந்த வண்டி, இந்தச் சாமான். அக்காவுக்கு அதை நான் சொல்லல. புள்ளையைக் குத்தம் சொல்ல மனசு வரல, என்னைச் சொல்லிக்க தைரியம் வரல... நடுவுல நீயா வந்து 'என்மேல போடு'ன்ன. போட்டுட்டேன்."

எல்வியா அவனை அடிப்பாள் என்றுதான் பக்கத்துக் கடைக்காரர்கள் எதிர்பார்த்தார்கள். சிலர் அதற்காக வியாபாரத்தையே நிறுத்தியிருந்தார்கள். அவள் அடிக்கவில்லை. இடுப்பில் கட்டியிருந்த சில்லறைப் பையை அவிழ்த்து மேஜைமேல் வைத்துவிட்டு, சந்தையின் கோடியிலிருந்த வண்டி நிறுத்துமிடத்தை நோக்கி நடந்தாள். தலை நிமிர்ந்தே இருந்தது.

வண்டியருகே யரேலி ஓடிவந்து பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள்.

"அம்மா... என்னை மன்னிச்சிடும்மா. என்னாலதானே... என்னாலதானே எல்லாம்..!"

எல்வியா திரும்பி மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். மழுப்பிவிடலாம், குழந்தைதானே நீ, போகட்டும் என்று சொல்லி இன்னொரு முறை நல்லவளாகிவிடலாம். ஒன்பது வருஷமாக அந்த நல்லவள் பட்டத்துக்கு அடியில் அவள் ஒளித்துவைத்திருந்தது அப்போது தானாக வெளியே வந்தது.

"கேளு யரேலி. வடிகட்டாம சொல்றேன். அன்னிக்கு நான் அங்க இல்ல, உன் வாயை மூடல. அது நிஜம். ஆனா அதுக்கு முந்தின நாள் மூடினேன். அதுக்கும் முந்தின நாள் மூடினேன். ஏழு வயசுலேர்ந்து 'அப்பாவுக்கு நோகாம சொல்லு, நோகாம சொல்லு'ன்னு உன்னைப் பழக்கினது யாரு? நீ முழுங்கின வரி என் வரிடி! உனக்காகப் பழி சுமந்தேன்னு ஊர் நாளைக்கு என்னைக் கொண்டாடும். நான் சுமந்தது என்னோடதைத்தான். உன்மேல எனக்கு இருந்த பாசம் பாதி, பயம் பாதி. என்னைக்காவது நீ வளர்ந்து 'என்னை ஏம்மா அப்படிப் பழக்கின?'ன்னு கேட்டுடுவியோன்னு..."

"நான் கேக்கல..."

"கேளு! வக்கீலுக்குப் படிக்கறவ கேக்காம இருக்கலாமா?"

யரேலி அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். அப்புறம் மறுபடி அழுதாள். "மிஸஸ் ஹால்வர்சன்கிட்ட நேத்து போன் பண்ணிக் கேட்டேன்மா. இனிமே அந்தக் கேஸைத் திறக்க முடியாதாம். காலம் கடந்து போச்சாம். அப்பா காலுக்கு ஒண்ணும் பண்ண முடியாது. அப்புறம் நான் படிச்சு என்ன...?"

"உங்கப்பா காலுக்கு இல்ல. இன்னொரு ஆபீஸ்ல இன்னொரு பொண்ணு நடுவுல நின்னுட்டு இருப்பா. 'குழந்தையை வெளிய அனுப்பு, பெரியவங்களைக் கூப்பிடு'ன்னு சொல்ல அங்க ஒரு ஆள் வேணாமா? முழுங்கினா என்ன ஆகும்னு உன்னை மாதிரி தெரிஞ்சவ யாருடி இருக்கா? போனை எடு."

"அம்மா..."

"ஒன்பது வருஷம் சும்மா ஏச்சு வாங்கிட்டு இருந்தேன்னு நினைச்சியா? விலை கேக்கறேன். இதுதான் விலை. ஒரு காசு குறைக்க மாட்டேன். எடு போனை!"

யரேலி எடுத்தாள். பட்டனை அழுத்திவிட்டு அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் எவ்வளவு நேரம் அப்படி நின்றார்கள் என்று தெரியாது. வண்டியை எடுக்க வந்த ஒருவன் ஹார்ன் அடித்துப் பார்த்துவிட்டு, சரி என்று எஞ்சினை அணைத்துக் காத்திருந்தான்.

நஸாரியோ வந்தான். வரிசை நெடுக, ஒவ்வொரு கடையிலும் பிடித்துப் பிடித்து, நொண்டி நொண்டி வந்தான். வருகிற வழியில் தெரிந்த கடைக்காரர்களிடமெல்லாம் நின்று, "என் காலை வித்தது நான்தான், எல்வியா இல்ல" என்று சொல்லிக்கொண்டே வந்தான். சிலருக்கு விஷயமே தெரியாது, அவர்களிடமும் சொன்னான். எல்வியாவின் முன்னால் வந்து தொப்பியைக் கழற்றி நின்றான்.

"மன்னிச்சுக்கன்னு கேக்க எனக்கு வாய் இல்ல."

"இல்லதான்" என்றாள் எல்வியா. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வெயில்ல நிக்காத. கால் வீங்கும்."

கடைக்குத் திரும்பியபோது ஒஃபேலியா ஒரு காகிதக் கோப்பையில் காபியோடு நின்றிருந்தாள். தம்பி பெண்டாட்டிக்கு அவள் காபி வாங்கி யாரும் பார்த்ததில்லை.

"எல்வியா... நான் சொன்னதெல்லாம் திரும்ப எடுத்துக்கறேன்டி."

"வித்த சரக்கைத் திரும்ப எடுக்கறதில்ல அண்ணி, நீங்கதான் கடையில எழுதி மாட்டியிருக்கீங்க."

ஒஃபேலியா சிரிக்கப் பார்த்தாள். உதடு கோணி அழுகையாகிவிட்டது. எல்வியா காபியை வாங்கிக்கொண்டாள். ஆறிப்போயிருந்தது. குடித்தாள்.

சாயங்காலம் நஸாரியோ கல்லாவை எண்ணினான். எல்வியா தார்ப்பாயை மடித்துக்கொண்டே தன் கணக்கைப் பார்த்தாள். ஒஃபேலியா தரவேண்டியதில் ஒரு காபி வரவு. மிச்சத்தை அவள் சாகிறவரை தவணையில் வாங்கிக்கொள்ளலாம். நஸாரியோ தரவேண்டியது ஒன்பது வருஷம். சந்தை நடுவில் வாயைத் திறந்ததற்கு ஒரு வருஷத்தைக் கழிக்கலாம், பாக்கி எட்டு. யரேலியிடமிருந்து வரவேண்டியது ஒன்றுமில்லை, கணக்குத் தீர்ந்தது. கடைசியாக அவளே தரவேண்டிய கடன் ஒன்று இருந்தது. பெரியவர்களுக்கு நடுவே அண்ணாந்து பார்த்துக்கொண்டு, எந்த வார்த்தையைச் சொல்லலாம், எந்த வார்த்தையை விழுங்கலாம் என்று தவித்த ஒரு சின்னப் பெண்ணுக்கு. அவளைத் தேடிப்போய்க் கொடுக்க வழியில்லை, அவள் வளர்ந்துவிட்டாள்.

அது மட்டும் பாக்கி.